லாகோஸுக்குப் பொறுப்பேற்கப் போகிறேன்: ஆள்சேர்ப்பும் பாதுகாப்பும் குறித்துச் சில கேள்விகள்

கூவம்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பாவில் தலைமையகம் கொண்ட ஒரு பம்பு, வால்வு நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். அடுத்த மாதம் நைஜீரியப் பிரிவின் தலைவராக லாகோஸ் செல்கிறேன். அங்கே 140 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் என்னையும் சேர்த்து ஆறு பேர் வெளிநாட்டவர். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள். ஆகவே மாதம் ஒருமுறையாவது தெற்கே எண்ணெய் நகரமான போர்ட் ஹார்கோர்ட் போய்வர வேண்டியிருக்கும்.

தலைமையகத்திலிருந்து இரண்டு கோப்புகள் வந்தன. பச்சைக் கோப்பு மனிதவளத் துறையினுடையது: முதல் ஆண்டில் பதினெட்டு இடங்களை நிரப்ப வேண்டும், வெளிநாட்டவர் எண்ணிக்கையை ஆறிலிருந்து மூன்றாகக் குறைக்க வேண்டும். சிவப்புக் கோப்பு பாதுகாப்பு ஆலோசகர்களுடையது: எந்த வழியில் போக வேண்டும், எத்தனை மணிக்குப் பிறகு வெளியே வரக்கூடாது, யார் அழைத்தால் எடுக்கக்கூடாது. இரண்டையும் தனித்தனியே படித்தால் தெளிவாகத்தான் இருக்கின்றன. சேர்த்துப் படித்தால் குழப்பமாக இருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சிவப்புக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

குடும்பம் முதல் ஆறு மாதம் சென்னையிலேயே இருக்கும். அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

டீசல்மணம் எழுதியது:

2005 முதல் 2011 வரை போர்ட் ஹார்கோர்ட்டில் இருந்தேன். ஜெனரேட்டர் ஓயாத ஊர். என் புனைபெயர் அங்கே கிடைத்ததுதான்.

நான் போய்ச் சேர்ந்த சில மாதங்களில், 2006 தொடக்கத்தில், நைஜர் ஆற்று டெல்டாவின் ஆயுதக் குழுக்கள் எண்ணெய் நிறுவன ஊழியர்களைப் படகில் வந்து தூக்கிச் செல்லத் தொடங்கின. 2009 ஜூனில் அதிபர் யாரடுவா பொதுமன்னிப்பு அறிவிக்கும்வரை நாங்கள் ஏறக்குறைய முள்வேலிக்குள்தான் வாழ்ந்தோம். முன்னே ஒரு போலீஸ் வண்டி, பின்னே ஒரு வண்டி, நடுவில் நாங்கள். அந்த நாட்டில் தனியார் காவலாளி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆயுதம் வேண்டுமென்றால் அன்று நாங்கள் நடமாடும் போலீஸ் பிரிவினரைக் கேட்டு வாங்கினோம், 'மோபோல்' என்பார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர், நீங்கள் சம்பளம் கொடுக்காத ஒருவர், உங்கள் காரின் முன்னிருக்கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். சிவப்புக் கோப்பு இதை ஒரு வரியில் முடித்திருக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் வண்டிப் பிரிவு அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. மறுநாள் யார், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார் என்று மாலை ஆறு மணிக்கு அதில் எழுதிவிடுவார்கள். நீலப் பேனா உள்ளூர்க்காரர்களுக்கு, சிவப்புப் பேனா வெளிநாட்டவருக்கு. சன்னல் சாலையைப் பார்த்திருந்தது. வாசலில் வறுத்த வாழைக்காய் விற்கும் அம்மாவுக்குக்கூட நான் நாளைக் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறேன் என்பது தெரியும். இதன் நடுவே ஆண்டுக்கு இரண்டு முறை ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்து மதில் உயரத்தை அளந்துவிட்டுப் போவார்! பலகையைக் கழற்றச் சொன்னவர் எங்கள் நைஜீரிய நிர்வாக அலுவலர். பாதுகாப்பு அவருடைய பொறுப்பே அல்ல.

ஆகவே என் பதில் இதுதான்: அந்த இரண்டு கோப்புகளையும் பிரித்து ஒன்றாகத் தைத்துவிடுங்கள். அங்கே ஆள்சேர்ப்புதான் பாதுகாப்பு. எங்களுக்கு வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை யாரை எடுத்தோம், யாரை எடுக்கவில்லை, எடுத்தவரை எப்படி வெளியே அனுப்பினோம் என்பதிலிருந்து முளைத்தவை.

---

நேர்வழி எழுதியது:

எல்லோரும் சேர்ந்து ஒரு நாட்டையே பேயாக்கிவிடாதீர்கள். இருபது கோடிக்கும் அதிகமான மக்கள் அங்கே வாழ்கிறார்கள். 2014 ஏப்ரலில் சிபோக்கில் 276 பள்ளி மாணவிகளைக் கடத்தினார்களே, அவர்களில் வெளிநாட்டு நிர்வாகி யார்? நெடுஞ்சாலையில் பஸ்ஸை நிறுத்திப் பிடித்துக்கொண்டு போவது உள்ளூர் வியாபாரியை, விவசாயியை, பாதிரியாரை. வீட்டை விற்று மீட்புத்தொகை கட்டுவது அவர்கள்தான். குளிர்சாதன வண்டியில் போகும் அதிகாரிகளுக்கு மட்டும் அனுதாபம் வேண்டுமா?

---

டீசல்மணம் எழுதியது:

அனுதாபம் யாரும் கேட்கவில்லையே. ஆனால் நீங்கள் சொன்னது உண்மை, அதுவும் இந்த விவாதத்துக்கு வேண்டிய உண்மை. 140 பேரில் 134 பேர் நைஜீரியர்கள். அவர்கள் மாலையில் எந்த வேலிக்குள்ளும் போவதில்லை. சாதாரண மினி பஸ்ஸில் வீடு போகிறார்கள். சிவப்புக் கோப்பு ஆறு பேருக்காக எழுதப்பட்டது. கூவம்கரை, அதில் 'பணியாளர்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் ஒருமுறை பாருங்கள். 134 பேர் அதற்குள் வருகிறார்களா?

---

பாலைநிழல் எழுதியது:

ரியாத்தில் மனிதவளத் துறையில் இருக்கிறேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் லாகோஸ். பச்சைக் கோப்பைப் பற்றி நான் பேசுகிறேன்.

வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைப்பது உங்கள் தலைமையகத்தின் நல்லெண்ணம் அல்ல, சட்டம். எந்தப் பதவிக்கு வெளிநாட்டவரை வைக்கலாம் என்பதற்கு உள்துறை அமைச்சகத்திடம் ஒதுக்கீடு வாங்க வேண்டும். எண்ணெய், எரிவாயுத் துறையில் 2010ஆம் ஆண்டின் உள்ளூர்ப் பங்களிப்புச் சட்டம் இன்னும் கறாரானது. நிர்வாகப் பதவிகளில் வெளிநாட்டவர் அதிகபட்சம் ஐந்து சதவீதம்தான். ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் கீழே ஒரு நைஜீரியர் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதிகபட்சம் நான்கு ஆண்டு. அவரை 'அண்டர்ஸ்டடி' என்பார்கள். நம் ஊர் நாதஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊதுபவர் மாதிரி வைத்திருந்துவிட்டு, ஆய்வுக்கு வரும்போது மட்டும் முன்வரிசையில் உட்கார வைக்கிற நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதருக்கு இது புரியாதா? நான்கு ஆண்டு ஒருவரை ஏமாற்றிவிட்டு, அவரிடமே உங்கள் பயணத் திட்டத்தையும் கொடுத்து வைத்திருப்பீர்கள்.

இரண்டாவது, பணம். 2023 ஜூனில் நைரா மதிப்பை மிதக்க விட்டார்கள். டாலருக்கு 470 நைரா அளவில் இருந்தது, அடுத்த ஆண்டே 1,500ஐ ஒட்டிப் போய்விட்டது. டாலரில் சம்பளம் வாங்கும் நீங்களும் நைராவில் வாங்கும் உங்கள் அண்டர்ஸ்டடியும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் எதுவும் செய்யாமலே உங்களுக்கும் அவருக்குமான இடைவெளி மும்மடங்கு ஆகியிருக்கும். நல்ல பொறியாளர்கள் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 'ஜாபா' என்று அதற்கு யொரூபாவில் ஒரு சொல்லே புழங்குகிறது. ஓடித் தப்பித்தல் என்று பொருள். நேர்காணலில் தேறியவர் வேலையில் சேரும் நாளில் விமானம் ஏறியிருப்பார். பதினெட்டு இடங்களுக்கு முப்பது பேரையாவது தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் ஒரே இரவில் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். 2024 பிப்ரவரி கடைசியில் வெளிநாட்டு ஊழியர் வரி ஒன்றை அறிவித்தார்கள்: இயக்குநர் நிலையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 10,000. இரண்டு வாரத்துக்குள் நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு வாரமும் எங்கள் பழைய அலுவலகத்தில் யாரும் வேறு வேலை பார்க்கவில்லையாம். சவுதியில் 2011இல் வந்த நிதாகத் திட்டமும் உள்ளூர்க்காரருக்கு வேலை என்கிற அதே நோக்கம்தான். ஆனால் அங்கே உள்ளூர்க்காரர் விகிதத்தைப் பார்த்து நிறுவனத்துக்குப் பச்சை, சிவப்பு என்று நிறம் கொடுப்பார்கள்; எந்த நிறுவனம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பது கணினியிலேயே தெரிந்துவிடும். ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

---

கூவம்கரை எழுதியது:

மிக்க நன்றி. டீசல்மணம் ஐயா, கோப்பில் பார்த்தேன். 'பணியாளர்' என்று இருபத்தோரு இடங்களில் வருகிறது. முதல் பக்க அடிக்குறிப்பில் 'இடமாற்றம் பெற்ற பணியாளர் மட்டும்' என்று விளக்கம் இருக்கிறது. இதுவரை நான் அடிக்குறிப்பைப் படிக்கவில்லை.

ஓட்டுநர்களையும் காவலாளிகளையும் எப்படி எடுப்பது?

---

டீசல்மணம் எழுதியது:

படித்த வேலைக்கு வருபவரிடம் பட்டச் சான்றிதழோடு தேசிய இளைஞர் சேவைச் சான்றிதழும் கேட்பார்கள். முப்பது வயதுக்குள் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டு அந்தச் சேவை செய்தாக வேண்டும். அதைச் சரிபார்ப்பது எளிது. ஓட்டுநர், காவலாளி விஷயத்தில் காகிதத்தைவிடப் பிணையாள் முக்கியம். இரண்டு பிணையாட்கள் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை வாங்கிக் கோப்பில் சொருகிவிட்டால் அது வெறும் தாள். ஆளை அனுப்பிப் பிணையாளின் வீட்டைப் பார்க்க வேண்டும். வீட்டு எண்ணை நம்ப முடியாத தெருக்கள் உண்டு. 'பச்சை வாயில், தேவாலயத்துக்கு எதிரே' என்று எழுதியிருக்கும். எங்கள் நிர்வாக அலுவலர் அந்த வாயில் முன்னால் நின்று பிணையாளோடு சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு வருவார். ஒருமுறை வாயில் இருந்தது, தேவாலயமும் இருந்தது, பிணையாள் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

டெல்டாவில் வேலை எடுத்தால் இன்னொரு சங்கதி. அங்கே 'யூத்' என்றால் வயதைக் குறிக்கும் சொல் மட்டுமல்ல. ஊருக்கு ஊர் தலைவர், செயலாளர் வைத்த அமைப்பு. பன்னிரண்டு உதவியாட்கள் வேண்டும் என்று சொன்னோம். ஊர்த் தலைவர் நாற்பது பெயர் கொண்ட பட்டியலோடு வந்தார், யூத் தலைவர் வேறு நாற்பது பெயரோடு வந்தார். ஒருவரை மட்டும் திருப்திப்படுத்தினால் மறுநாள் வாயிலில் மரக்கட்டை போட்டு மறிப்பார்கள். கடைசியில் மூன்று மாதத்துக்கு ஒரு குழு என்று சுற்றுமுறை வைத்தோம். பட்டியலில் உள்ள சிலர் வேலைக்கு வரவே மாட்டார்கள், சம்பளம் மட்டும் போகும். 'அமைதிக்கான செலவு' என்று எங்கள் கணக்காளர் சிரித்துக்கொண்டே எழுதுவார். அந்தப் பணம் எங்கே போனது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. இன்று அதை நினைத்தால் கொஞ்சம் கூசுகிறது.

2021ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம், எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு இயக்கச் செலவில் மூன்று சதவீதத்தை அந்தந்த ஊருக்கான அறக்கட்டளையில் போட வேண்டும் என்கிறது. அது வேறு கணக்கு. உங்களைப் போன்ற துணை ஒப்பந்ததாரரிடம் பட்டியல் வருவது அதனால் நிற்காது.

---

பாலைநிழல் எழுதியது:

அந்தக் கூச்சம் சட்டப்படியும் நியாயம்தான். சிரியாவின் ஜலாபியா சிமெண்ட் ஆலையை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு நிறுவனமான லஃபார்ஜின் ஆலை. 2010இல் உற்பத்தி தொடங்கியது. போர் நெருங்கியதும் 2012இல் வெளிநாட்டவரை வெளியேற்றிவிட்டார்கள். சிரியத் தொழிலாளிகளைக் கொண்டு ஆலையை 2014 செப்டம்பர் வரை ஓட்டினார்கள். அவர்கள் வேலைக்கு வந்து போகும் சாலையில் ஆயுதக் குழுக்களின் சோதனைச் சாவடிகள். ஊழியர்களும் சரக்கும் கடந்துபோகப் பணம் கொடுத்தார்கள். ஐஎஸ் அமைப்புக்கும் கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது, கிட்டத்தட்ட 77.8 கோடி டாலர் தண்டம்.

எனக்கு அதில் உறுத்துவது அபராதத் தொகை அல்ல. அந்த ஆலைக்கு இரண்டு பாதுகாப்புக் கோப்புகள் இருந்திருக்கின்றன: ஒரு கோப்பின்படி அந்த இடம் வாழத் தகாதது, இன்னொன்றின்படி வேலைக்கு வரத் தகுந்தது. எந்தக் கோப்பில் யார் என்பதைக் கடவுச்சீட்டு முடிவு செய்தது.

---

காப்புறுதிக்காரன் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் முப்பது வருடமாகக் காப்புறுதித் துறையில் இருக்கிறேன். கடத்தல் காப்புறுதி பற்றி ஒருவரும் எழுதாதபடியால் நான் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் நிறுவனம் உங்களுக்கு அப்படியொரு காப்புறுதி எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் உங்களிடம் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வெளியே தெரிந்தால் காப்புறுதி செல்லாமற் போகவும் கூடும். ஆளின் விலை தெரிந்துவிட்டால் பேரம் அங்கிருந்துதானே தொடங்கும்? ஆகவே கேட்காதீர்கள், இந்த இழையில் ஊகிக்கவும் வேண்டாம். காப்புறுதி நிறுவனம் கடத்தல்காரருக்கு நேரே பணம் கட்டுவதுமில்லை. உங்கள் நிறுவனம் கட்டிய பின்னர் அந்தத் தொகையை ஈடு செய்யும். வாங்கியவர்கள் பயங்கரவாதிகள் என்றால் 2015ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தின்படி அந்த ஈடும் குற்றம். டெல்டாவில் படகில் வருபவன் கொள்ளைக்காரனா, அமைப்பின் ஆளா என்பது யாருடைய நெற்றியிலும் எழுதியிருக்காது. அதனால்தான் இதில் வக்கீல்கள் அதிகம்.

உங்களிடம் கட்டாயம் கேட்கப்படுவது ஒன்று உண்டு. நீங்கள் உயிரோடிருப்பதை உறுதிசெய்ய, உங்களுக்கு மட்டும் பதில் தெரிந்த ஒரு கேள்வியை எழுதி மூடிய உறையில் கொடுக்கச் சொல்வார்கள். பிறந்த நாள், செல்லப்பெயர் எல்லாம் முகநூலில் கிடக்கிறது. என்னிடம் ஒரு முதியவர் தன் தாத்தா வீட்டு முதல் எருதின் பெயரை எழுதித் தந்தார்; எழுதும்போது அவர் கண் கலங்கியது. நல்ல கேள்வி என்றால் அப்படித்தான் இருக்கும்.

அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 2013 ஜனவரி 16 விடியுமுன் எரிவாயு நிலையத்தைத் தாக்கினார்கள். நான்கு நாளில் நாற்பது ஊழியர்கள் இறந்தார்கள். பத்துப் பேர் ஜப்பானியர், ஐந்து பேர் நோர்வே நிறுவனத்தின் ஆட்கள். அந்த நிறுவனமே பின்னர் வெளியிட்ட விசாரணை அறிக்கை, வெளிவட்டத்தை இராணுவம் காக்கும் என்று நம்பியிருந்ததைக் குறையாகச் சொன்னது. முதலில் அபாயச் சங்கை ஒலிக்கச் செய்தவர் வாயிலில் நின்ற அல்ஜீரியக் காவலாளி முகமட் லமின் லஹ்மார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சங்கு கேட்டு ஒளிந்து தப்பியவர்கள் பலர். முந்தைய ஆண்டு அங்கே ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுபட்டது. அதனால்தான் தாக்குதல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட்டுநர்கள் மாதக்கணக்கில் மனம் கசந்திருக்கும் ஓர் இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று எந்த ஆலோசகர் கையெழுத்திடுவார்?

---

இலுப்பேஜு மீனா எழுதியது:

ஒன்பது ஆண்டு லாகோஸில் குடித்தனம் செய்தவள். ஆண்கள் எல்லோரும் சட்டமும் துப்பாக்கியும் பேசிவிட்டீர்கள். நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் நாள் விமான நிலையத்தில் உங்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் எழுதிய அட்டையோடு யாராவது நின்றால் அவரோடு போகாதீர்கள், அவர் உங்கள் ஆளாகவே இருந்தாலும். அந்த அட்டையை அங்கே நிற்கும் எல்லோரும்தான் படிக்கிறார்கள். முன்கூட்டியே ஓட்டுநரின் படமும் ஒரு குறிச்சொல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் குறிச்சொல் 'கருவேப்பிலை'. எங்கள் ஓட்டுநர் அதைச் சொல்லும் அழகுக்காகவே மாற்றாமல் வைத்திருந்தோம்.

லாகோஸ் தீவிலிருந்து விமான நிலையத்துக்கு நாங்கள் பெரும்பாலும் மூன்றாம் பெருநிலப் பாலத்தில்தான் வருவோம்; பன்னிரண்டு கிலோமீட்டர் நீளம், நடுவில் நின்றால் திரும்ப வழி கிடையாது. விமானம் மாலையில் என்றால் மதியமே கிளம்பிவிடுவோம். ஒன்பது ஆண்டில் எனக்கு நேர்ந்த மிகப் பெரிய விபரீதம் கடத்தல் அல்ல, அந்தப் பாலத்தில் ஐந்து மணி நேரம். பயத்தை அளவோடு வையுங்கள்.

எங்கள் ஓட்டுநரின் மனைவிக்கு ஒருமுறை பிரசவத்தில் சிக்கல். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு எங்களுக்கு மட்டும்தான். அவர் ஒப்பந்த ஆள். என் கணவர் சொந்தப் பணத்தைக் கட்டினார். ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஓட்டுநர் வந்து, "ஓகா (முதலாளி), இன்று அந்தச் சந்தை வழியாகப் போக வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வேறு வழியில் போனோம். அன்று அங்கே ஏதாவது நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

---

நெறியாளர்:

ஓர் உறுப்பினர் தன் தற்போதைய லாகோஸ் குடியிருப்பின் பெயர், அலுவலக வண்டி புறப்படும் நேரம், உடன் வரும் காவலரின் எண்ணிக்கை எல்லாவற்றையும் 'பயனுள்ள தகவல்' என்ற தலைப்பில் எழுதியிருந்தார். நீக்கிவிட்டேன். வெள்ளைப் பலகையைப் பற்றிய பதிவு இதே இழையில், இதே பக்கத்தில் இருக்கிறது ஐயா.

---

நேர்வழி எழுதியது:

மீனா அக்கா சொன்னதை வைத்துக் கேட்கிறேன்: அப்படியென்றால் ஓட்டுநரிடம் அன்பாக இருப்பதும் ஒரு பாதுகாப்பு உத்தியா? பிரசவச் செலவு ஒரு முதலீடா?

---

இலுப்பேஜு மீனா எழுதியது:

பணம் கட்டிய அன்று என் கணவருக்கு அந்த யோசனை இல்லை. பின்னால் அவருடைய நிறுவனத்துக்கு வந்தது: இந்தச் சம்பவத்தைப் பயிற்சி வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்ல அனுமதி கேட்டார்கள். ஓட்டுநர்களுக்கும் காப்பீடு கொடுங்கள், பிறகு சொல்லுங்கள் என்றார். வகுப்பு நடக்கவில்லை.

---

கூவம்கரை எழுதியது (ஏழு வாரம் கழித்து):

லாகோஸிலிருந்து எழுதுகிறேன். எங்கே தங்கியிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். நெறியாளர் கவலைப்பட வேண்டாம்.

எனக்கு ஒதுக்கப்பட்ட அண்டர்ஸ்டடி என்னைவிட எட்டு வயது மூத்தவர். மூன்று தலைவர்களைப் பார்த்துவிட்டார், நான் நான்காவது. முதல் சந்திப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். ஒவ்வொரு தலைவரும் என்ன கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார்கள் என்பது தேதியோடு எழுதியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று. எதிர்ப்பக்கம் பெரும்பாலும் காலி. அவரையும் பாதுகாப்புக் குழுவில் சேர்த்துவிட்டேன். பயணத் திட்டத்தை இப்போது அவரும் நானும் மட்டும் முந்தின இரவு முடிவு செய்கிறோம். பதினெட்டில் ஏழு இடம் நிரம்பியது. எட்டாவது ஆள் மான்செஸ்டரில் இருக்கிறார்.

அடிக்குறிப்பை மாற்றச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதினேன். நேரடிப் பணியாளர்கள் 134 பேரையும் சேர்க்கச் சம்மதித்துவிட்டார்கள், எனக்கே வியப்பு. ஆனால் ஓட்டுநர்கள் பதினொரு பேர், காவலாளிகள் பதினான்கு பேர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள், ஆகவே 'எங்கள் வரம்புக்குள் வரமாட்டார்கள்' என்று பதில். செலவு அதிகரிக்கும் என்றுகூடச் சொல்லவில்லை, வரம்பு என்றுதான் சொன்னார்கள்.

என் ஓட்டுநர் கடந்த வாரம் மாறிவிட்டார். புதியவரின் பிணையாள் வீட்டை யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டேன். ஒப்பந்த நிறுவனத்திடம் படிவம் இருக்கிறதாம்.

---

டீசல்மணம் எழுதியது:

பழைய ஓட்டுநர் ஏன் போனார்? அவரைத் தேடிப் பிடித்து, ஒரு சாயங்காலம் உட்கார வைத்துக் கேளுங்கள். புதியவரின் பிணையாள் வீட்டுக்கு உங்கள் அண்டர்ஸ்டடியோடு நீங்களே போய்வாருங்கள்; பகலில், வேறு வண்டியில். படிவத்தில் என்ன வாயில் நிறம் எழுதியிருக்கிறது?